பட்டைக்குக் கீழே என்ன நிறம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிருபா என்ற பெண் என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய மூன்று குரல் பதிவுகளிலிருந்து எடுத்தது. கிருபா என்பதும் அவள் பெயர் இல்லை. அவள் ஊர் கருமத்தம்பட்டிக்கு வடக்கே என்று முதலில் எழுதினேன். பிறகு அந்தியூர்ப் பக்கம் என்று மாற்றினேன். இப்போது இரண்டையும் அடித்துவிட்டேன். கோயமுத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம், அவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் அப்துல் கையூம். (இது மட்டும் உண்மைப் பெயரா என்று கேட்காதீர்கள்.) உக்கடத்தில் ஸ்பிரேயர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர். நோஸில் அடைப்பு, வாஷர் தேய்வு, டேங்க் ஒழுகல், எல்லாம் பார்ப்பேன். நான் கழற்றி மாட்டும்வரை விவசாயிகள் பெஞ்சில் உட்கார்ந்து தோட்டத்து நியாயம் அத்தனையும் பேசுவார்கள். அதில் சிலவற்றை எழுதி அனுப்ப, சிறுபத்திரிகைக்காரர்கள் பாவம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். கிருபாவுக்கு ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலை. தோட்டம் தோட்டமாகப் போய் எந்தச் செடியில் எந்தப் பூச்சி எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். நோஸில் வாங்க வந்த இடத்தில் என் கதை ஒன்றைப் படித்துவிட்டு, "பூச்சிக்கு எட்டுக் கால் போட்டிருக்கீங்க சார், ஆறுதானுங்க" என்றாள். அப்படித்தான் பழக்கம்.

முதல் வரிக்காக நான் பட்ட பாடு இது:

"அந்த மார்கழியில் வேப்பமரங்கள் எரிந்தன." அடித்துவிட்டேன். எரியவில்லை, எரிந்த மாதிரி இருந்தன. பொய்யில் தொடங்கினால் கடைசிவரை அதைக் காப்பாற்றிக்கொண்டே போக வேண்டும்.

"கிருபா எதற்கும் பயப்படுகிறவள் இல்லை." இதையும் அடித்துவிட்டேன். மூன்று பதிவுகளிலும் அவள் மூச்சிரைப்பது எனக்குக் கேட்டது.

"கிருபா ஒரு குச்சியை வெட்டினாள்." இது நிற்கட்டும். நடந்தது இதுதான்.

2

குச்சிக்கு முன்னால் பூச்சி. இந்தப் பகுதியைக் கதையில் எங்கே செருகுவது என்று தெரியாமல் நான்கு முறை இடம் மாற்றினேன். பூச்சி வேண்டாம் என்பவர்கள் மூன்றாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் பயம் இங்கேதான் தொடங்குகிறது.

அதற்குப் பெயர் தேயிலைக் கொசு. அது கொசுவும் இல்லை, தேயிலையோடு நிற்பதும் இல்லை. கொய்யா, முந்திரி, முருங்கை, வேம்பு என்று எல்லாவற்றிலும் வாய் வைக்கும். செடியின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கும் நாவாய்ப்பூச்சிகளில் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது, அதில் இது ஒன்று.* நம் சோளக்காட்டில் பால் பிடிக்கிற கதிரைக் காலி செய்யும் கதிர் நாவாய்ப்பூச்சி இதற்குப் பங்காளி. அந்தக் குடும்பத்தில் மட்டும் பத்தாயிரம் வகைக்குமேல் உண்டு என்றாள் கிருபா. அதில் சில நல்லவையாம். மற்றப் பூச்சிகளின் முட்டையைத் தின்று பயிரைக் காப்பாற்றுமாம். "குடும்பம்னா அப்படித்தானுங்களே சார், நாலு பேரு நல்லவங்களும் இருப்பாங்க" என்றாள்.

(* நாவாய் என்றால் கப்பல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். இந்தப் பூச்சிக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் கடைப்பக்கம் வந்தால் சொல்லுங்கள், டீ வாங்கித் தருகிறேன்.)

கிருபா ஜிப் கவரில் போட்டுக்கொண்டு வந்து காட்டினாள். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், நீண்ட மீசை. முதுகின் நடுவில் நேராக நிற்கும் ஒரு முள், அதன் முனையில் ஒரு குமிழ். யாரோ குண்டூசியைக் குத்திவிட்டு எடுக்க மறந்த மாதிரி. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு முதுகு அரிக்கிறது.

அது தளிரில் ஊசிமூக்கைக் குத்தி முதலில் எச்சிலை உள்ளே விடும். எச்சில் பட்ட சதை கரையும். கரைந்ததை உறிஞ்சிக்கொண்டு பூச்சி பறந்துபோய்விடும். எச்சிலின் வேலை மட்டும் நிற்காது. குத்திய இடம் பழுத்து, கறுத்து, தளிர் தலை தொங்கி, குச்சி நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும். நாம் நிமிர்ந்து பார்க்கிற அன்றைக்குப் புண் இருக்கும், குத்தியது இருக்காது.

"அப்ப மரத்துக்கிட்ட ஆரு நிக்கறாங்களோ அவங்க பண்ணுனாப்புலதான் தெரியுமுங்க" என்றாள் கிருபா. தை மாதம் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

3

இனி நடந்ததை, முதல் பதிவில் வந்தபடி, கிருபாவின் பக்கத்தில் நின்று சொல்கிறேன். நான் குறுக்கே வரமாட்டேன். (வருவேன்.)

கிருபாவுக்கு இருபத்தேழு வயது. அவள் வீடு ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம், காலனியில் இருக்கிறது. அப்பா வேலன் முப்பது வருடமாக அப்புசாமியின் தோட்டத்தில் மாடு பார்க்கிறார். ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவர், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அப்புசாமிதான் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவரும். வேலன் அவரைப் பண்ணாடி, அதாவது எசமான், என்று கூப்பிடுவார். கிருபா அப்படிக் கூப்பிடமாட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டே இத்தனை வருடம் சமாளித்துவிட்டாள்.

மார்கழிக் கடைசியில் கோயில் வேம்பு உச்சியிலிருந்து கருகிக்கொண்டு இறங்கியது. ஊரில் எல்லா வேம்பும்தான் கருகியது. ஆனால் மற்றவை மரங்கள், இது அம்மன் மரம். பெண்கள் மரத்தடியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தேயிலைக் கொசு விடியலிலும் சாயங்காலத்திலும்தான் நடமாடும். அதனால் கிருபா விடிந்தும் விடியாமலும் போனாள். தாழ்ந்த கிளை ஒன்றில் கருகிய குச்சி, அதில் இரண்டு பூச்சி. பையிலிருந்து கத்தரியை எடுத்தாள், வெட்டினாள், ஜிப் கவரில் போட்டாள். தினமும் பத்துத் தோட்டத்தில் செய்கிற வேலை, கை தன்பாட்டில் செய்துவிட்டது. கோயில் மரத்தில் இரும்பு வைக்கக்கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிலும் காலனியில் பிறந்தவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். கவரை மூடிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. திரும்பினாள். எதிர்வீட்டுப் பழனியாத்தாள் வாசல் தெளிக்க வந்தவள் வாளியோடு அப்படியே நின்றிருந்தாள்.

"என்ன அம்மணி, மரத்துக்கு வைத்தியமா?"

"பூச்சி பாக்கறனுங்க."

"பாரு, பாரு."

பழனியாத்தாள் தண்ணீரைத் தெளிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் கமிட்டி கூப்பிட்டு அனுப்பியது. குச்சி வெட்டியதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டே கிருபா போனாள். போய் நின்றால் விஷயம் வேறு. டவுனிலிருந்து பவர் ஸ்பிரேயர் கொண்டுவந்து மரம் முழுக்க மருந்தடிக்கப் போகிறார்கள், எந்த மருந்து என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்குப் போன உயிர் வந்தது. அந்த நிம்மதியில் நன்றாகவே பேசினாள். மரத்தடியில் குழந்தைகள் விளையாடுகின்றன, பூ வந்தால் தேனீ வரும், அந்தப் பூவை ஊரே பொறுக்கி வந்து ரசம் வைக்கும். "மருந்து வேண்டாமுங்க. பூச்சி இந்நேரம் போயிருக்குமுங்க. வெயில் ஏறுனா தானாத் தளையுமுங்க."

அப்புசாமி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கோயில் அறைக்குள் போனார். நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தானே தூக்கி வந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, அவள் முன்னால் போட்டார்.

"உக்காரு அம்மணி. நின்னுக்கிட்டே எத்தன நேரம் பேசுவ."

அந்தக் கோயில் வாசலில் அவள் தெருக்காரர்கள் யாரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வேலன் வேலியோரம் நின்றிருந்தார். அப்பா முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். அவர் கண் கலங்கியிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மாசி முடியறதுக்குள்ள தளைஞ்சிருமா?" என்றார் அப்புசாமி.

சரியான பதில் அவளிடம் இருந்தது. பெரும்பாலும் தழைக்கும். ஆனால் பூச்சி குத்திய புண் வழியாகப் பூஞ்சணம் இறங்கியிருந்தால் கிளை செத்துப்போகும். சில சமயம் மரமே போகும். இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது. இதைத்தான் அவள் சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்தில் யார் கேட்டாலும் சொல்லியிருப்பாள். ஆனால் வயதில் பெரியவர் தன் துண்டால் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவர் அத்தனை மரியாதையாகக் கேட்கிறபோது, "தெரியாதுங்க" என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. மரியாதைக்கு மரியாதை செய்தாக வேண்டும். அது பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம்.

"தளைஞ்சிருமுங்க" என்றாள் கிருபா.

அப்புசாமி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அம்மணி சொல்லிப்போட்டா. மருந்து வேண்டாம்."

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அப்புசாமி.

பயக்கதைக்குப் பயமுறுத்த ஓர் ஆள் வேண்டும். அவருக்கு முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். ஜீப் கொடுத்துப் பார்த்தேன். "அப்புசாமி பல்லைக் கடித்துக்கொண்டு" என்று ஒரு வரியைத் தொடங்கி

பாதியில் விட்டுவிட்டேன். அவர் பல்லைக் கடிக்கவே இல்லை. கிருபாவின் பதிவுகளில் எந்த இடத்திலும் அவர் குரலை உயர்த்தவில்லை. கிருபா கல்லூரியில் சேர்ந்தபோது பஸ்ஸுக்கு எழுதிக்கொடுத்து பாஸ் வாங்கித் தந்தவர் அவர்தான். கடைசிவரை "அம்மணி"தான், "கண்ணு"தான். அந்த மரியாதை எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அதுதான் மீசையைவிடப் பயமாக இருக்கிறது. கத்துகிற ஆளிடம் எப்போது ஓட வேண்டும் என்று தெரியும். மெதுவாகப் பேசுகிறவரிடம் அது தெரியாது.

ஆகவே அவரை அப்படியே விட்டுவிட்டேன். நீங்களும் அவருக்கு மீசை வைக்காதீர்கள்.

5

இரண்டாவது பதிவு பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, இருட்டுகிற நேரத்தில் வந்தது. ஆறு நிமிடம். கடையில் அப்போது யாரும் இல்லை, ஆனாலும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் கேட்டேன்.

வெயில் ஏறியது. வேம்புகள் தழைத்தன. முதலில் பஞ்சாயத்து ஆபீஸ் வேம்பு, பிறகு பால் சொசைட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு, பிறகு வரிசையாக எல்லாம். காலனியில் இருக்கிற நான்கு வேம்பும் செம்பு நிறத் தளிர் விட்டுக் குப்பென்று நின்றன. கோயில் வேம்பு மட்டும் தழைக்கவில்லை. சரியாகச் சொன்னால் மேற்குப் பக்கம் அங்கங்கே கொஞ்சம் தளிர் விட்டது. கிருபா குச்சி வெட்டிய கிழக்குப் பக்கம் கரிக்கட்டையாக நின்றது.

பால் ஊற்றப் போன இடத்தில் ஒரு பெண் கிருபாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க தெரு மரமெல்லாம் என்னமாத் தளைஞ்சிருக்குது, இல்ல?" கிருபா "ஆமாங்க" என்றாள். வேறென்ன சொல்வது. வீட்டுக்கு வந்தாள். பால் பாத்திரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் வேம்பைப் பார்த்தாள். இவ்வளவு தழைத்திருக்க வேண்டாமே என்று இருந்தது. கிளையை ஒடித்துப் போடலாமா என்றுகூட யோசித்தாள். பூச்சி எண்ணிச் சம்பளம் வாங்குகிற பெண், தளிர் விட்டதற்காக ஒரு மரத்தை வெறுத்துக்கொண்டு நின்றாள்.

பழனியாத்தாளுக்கு அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. ஆள் ஆளுக்குச் சொன்னபோது அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. முதலில் கத்தரி. பிறகு கத்தி. பிறகு, வெட்டுவதற்கு முன்னால் கிருபா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள் என்றார்கள். ஜெபமாம்.

(இந்த இடத்தில் கிருபா பதிவில் சிரிக்கிறாள். "பூச்சியத்தானுங்க சார் எண்ணுனேன். ஒண்ணு, ரெண்டுன்னு." சிரிப்பு நின்ற பிறகு பதினொரு நொடி ஒன்றுமே இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன்.)

மாசி முடிந்தது. பங்குனி முதல் திங்கள் வேலன் வேலைக்குப் போனபோது அப்புசாமி மாட்டுக் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார்.

"வேலா, நாலு நாளு ஊட்லயே இருந்துக்க. நாஞ் சொல்லி உடறேன்."

"ஏனுங்க பண்ணாடி, நான் ஏதாச்சும்..."

"நீ என்ன பண்ணுன. ஒண்ணுமில்ல. ரெஸ்ட் எடு."

முப்பது வருடத்தில் வேலனுக்கு யாரும் ரெஸ்ட் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் மத்தியானம்வரை துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. "நீ ஏன் கண்ணு உக்காந்த" என்று மட்டும் ஒரு முறை கேட்டார்.

6

இதுவரை எழுதியதை என் மனைவி சாஜிதா பேகத்திடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, இதை எழுதறது ஆரு?"

"நான்தான்."

"நீங்கன்னா ஆரு? கோயிலு அவங்களுது. மரம் அவங்களுது. அந்தப் புள்ள வேதக்காரப் புள்ள. நடுவுல அப்துல் கையூமுக்கு என்னங்க வேலை? நாளைக்கு இது வெளிய வந்து, கடை முன்னாடி நாலு பேரு நின்னு, எங்க சாமி மரத்தப் பத்தி நீ என்னடா எழுதறதுன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?"

இந்த ஊரில் அந்த நாலு பேரை நான் பார்த்திருக்கிறேன். கடையை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

"பேரை மாத்திக்கறேன்" என்றேன்.

"அப்ப அந்தப் புள்ள?"

"அவ பேரையும்தான் மாத்திட்டனே."

"பேரை மாத்துனா ஆளு மாறிருவாங்களா?" சாஜிதா மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவளுக்குக் கோபம் இல்லை, பயம். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் முகம் ஒன்றுதான்.

7

பங்குனி இரண்டாம் வெள்ளிக்கிழமை பூ கேட்பது என்று கமிட்டி முடிவு செய்தது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் புரியாமல் போனால் அம்மனிடம் பூ கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. இரண்டும் ஒரே அளவு, ஒரே காகிதம். அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத சிறு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிற, அழகான பழக்கம். எங்கள் ஸ்பிரேயர் கம்பெனி டீலர் ஒருவர் கடை வைக்கும்போதே பூ கேட்டார்.

இந்த முறை அம்மனிடம் வைக்கப்போகிற கேள்வி: மரம் தழையாததற்கு ஊரில் குற்றம் நடந்திருக்கிறதா? வெள்ளை வந்தால் இல்லை. சிவப்பு வந்தால் உண்டு. பூ எடுக்கப்போவது அப்புசாமியின் பேத்தி பிரத்யுஷா. எல்கேஜி படிக்கிறாள்.

சிவப்பு வந்தால் அடுத்த கேள்வி யாரைப் பற்றி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அப்புசாமி ஆள் அனுப்பினார். "நாளைக்கு அம்மணியையும் அப்பனையும் வந்துட்டுப் போகச் சொல்லு. சும்மா, வந்து நின்னாப் போதும்."

சொந்தக்காரர்கள் கிருபாவை அன்றைக்கே பெரியநாயக்கன்பாளையத்துச் சித்தி வீட்டுக்குக் கிளம்பச் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். போனால் ஓடிவிட்டாள் என்பார்கள், அப்பா இங்கே தனியாக நிற்க வேண்டும். அதோடு அவளுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

காய்ந்த கிளை செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்ட வேண்டும். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது, இன்று இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் தழைக்கும். பழுப்பாக, காய்ந்து இருந்தால் முடிந்தது. பச்சை என்றால் பூ எடுப்பதற்கு முன்னால் எல்லோர் முன்பும் சுரண்டிக் காட்டலாம். பழுப்பு என்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவள் இன்னொரு முறை அந்த மரத்தில் கை வைக்க வேண்டும்.

8

மூன்றாவது பதிவு வெள்ளிக்கிழமை விடியலில் வந்தது. நாற்பத்தேழு நொடி. இதில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அழகுபடுத்தத் தோன்றியது, கையை மடக்கிக்கொண்டேன்.

முதலில் காகம். பிறகு ஸ்கூட்டர் ஸ்டேண்ட் போடுகிற சத்தம். பிறகு கிருபா, ரொம்பத் தணிந்த குரலில்:

"சார், மரத்துக்கிட்ட நிக்கறனுங்க. ஆரும் இல்லீங்க. பழனியாத்தா ஊட்டுக் கதவு சாத்தியிருக்குதுங்க. எனக்குக் கையெல்லாம் வேர்க்குதுங்க சார். ஒரு நிமிசம்."

செருப்பைக் கழற்றுகிற சத்தம். அந்த அவசரத்திலும் செருப்பைக் கழற்றினாள். பிறகு சுரண்டுகிற சத்தம், மூன்று தடவை. பிறகு அவள் மூச்சை இழுக்கிறாள்.

"சார்," என்கிறாள். "சார், உள்ள..."

அந்த இடத்தில், கொஞ்சம் தள்ளி, ஓர் ஆண் குரல். கோபம் இல்லாத குரல்.

"என்ன அம்மணி, இத்தன வெடியால?"

பதிவு அங்கே முடிகிறது.

இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவள் இழுத்த மூச்சு பச்சையைப் பார்த்த மூச்சா, பழுப்பைப் பார்த்த மூச்சா என்று காதில் ஒட்டவைத்துக் கேட்டேன். சாஜிதாவைக் கேட்கச் சொன்னேன். அவள் பச்சை என்கிறாள். எனக்குக் காலையில் பச்சையாகவும் சாயங்காலம் பழுப்பாகவும் கேட்கிறது.

உடனே கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, எழுத்தில். "ஒண்ணும் இல்லை சார். அப்புறம் பேசுகிறேன்." கிருபா எனக்கு ஒரு நாளும் எழுதி அனுப்பியதில்லை. எழுதினாலும் 'ங்க' இல்லாமல் எழுதமாட்டாள்.

9

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) உள்ளே பச்சை. அப்புசாமி தானும் குனிந்து பார்க்கிறார். "அட, உசுரு இருக்குது அம்மணி" என்கிறார். பூ வெள்ளை வருகிறது. வேலன் திங்கட்கிழமை மாட்டுக்குப் போகிறார். (நன்றாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. பட்டைக்கு அடியில் ஒரு கோடு பச்சை தெரிந்தால் இத்தனையும் சரியாகிவிடும் என்று எந்தத் தைரியத்தில் எழுதினேன்?)

ஆ) உள்ளே பழுப்பு. பூ சிவப்பு. (இதற்குமேல் எழுத முடியவில்லை. பேனாவை மூடிவிட்டு ஒரு நோஸிலைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த நோஸில்.)

இ) உள்ளே பச்சை. ஆனாலும் பூ சிவப்பு. மரம் பிழைத்துவிடும் என்பது கிருபாவுக்கும் தெரியும், அப்புசாமிக்கும் தெரியும், தெரிந்தும் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரும் (இதை எழுதும்போதுதான் எனக்கு நிஜமாகவே குளிர் எடுத்தது. அடைப்புக்குறியை மூடிவிட்டேன், வாக்கியத்தை மூட முடியவில்லை.)

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இங்கேயே முடித்திருக்கலாம். இந்த மாதிரிக் கதைகளை அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

10

முதல் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன் என்று சொன்னேனே தவிர, முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது பதிவின் கடைசி அரை நிமிடத்தை உங்களிடம் மறைத்துவிட்டேன். கிருபா அதில் சொன்னது இது:

"சார், நீங்க இதையெல்லாம் எழுதி வெச்சுக்கங்க. ஆருகிட்டயும் காட்ட வேண்டாமுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலீன்னா கிழிச்சுப்போடுங்க, அப்பா அந்த ஊர்லதானுங்க பொழைக்கோணும். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மட்டும் அச்சுக்குக் குடுங்க. சத்தியம் பண்ணுங்க சார்."

பண்ணினேன். போனிலேயே, அல்லாஹ் மீது ஆணையாக.

இப்போது இது அச்சில் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, கிருபாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. அல்லது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் ஒரு நல்ல கதையை விட மனமில்லாமல், செய்த சத்தியத்தை மீறி, ஒரு பெண்ணையும் அவள் அப்பாவையும் மறுபடி ஊர் வாயில் போட்டுவிட்டேன்.

எது என்று சொல்லமாட்டேன். கடைக்கு வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைச் சத்தியம் மீறியவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம்பிச் சொன்னவளைக் காட்டிக்கொடுத்த கயவன், பேர் எடுக்க ஆசைப்பட்ட கிழவன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுங்கள். கிருபா இந்தப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வருகிறாள், கண்ணெல்லாம் சிவந்து, "ஏனுங்க சார், இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்று என்னைத் திட்டுகிறாள், நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறேன், அவள் திட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.